பனை புல்லா, மரமா?

அன்புள்ள ஐயா,

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், பள்ளித் தேர்வில் தமிழ்நாட்டின் மாநில மரம் பனை என்று எழுதியிருந்தாள். பனை மரமே அல்ல, புல் வகை என்றும், தொல்காப்பியமே அப்படித்தான் சொல்கிறது என்றும் என் நண்பர் வாதிடுகிறார். அப்படியானால் அரசு வேம்பை அறிவித்திருக்கலாமே? நகரத்துப் பிள்ளைகள் கண்ணாலும் கண்டிராத வரையாடும் மரகதப்புறாவும் சின்னங்களாக இருப்பதிலும் என்ன பயன்?

வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நண்பர் சொல்வது சரிதான். ‘புறக்காழனவே புல்லென மொழிப’ என்கிறது தொல்காப்பியத்தின் மரபியல்; வெளிப்புறம் வைரம் பாய்ந்தவை புல் என்று பொருள். வெட்டுண்ட பனையைப் பார்த்தால் விளங்கும்: விளிம்பில் கருத்து இறுகிய வைரம், நடுவில் மெத்தென்ற சோறு. அதற்காக அரசாணையைத் திருத்தக் கிளம்புவது வெட்டி வேலை. கேரளத்தின் மாநில மரமான தென்னைக்கும் இதே இலக்கணம்தான். அங்கே யாரும் தூக்கம் கெடவில்லை. வேம்பை ஆந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது. வரையாட்டை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. உங்கள் மகள் ஒரு பனையேறியைப் பார்த்திருக்கிறாளா?

திருச்செந்தூர்ப் பக்கத்தில் என் பெரியப்பா பனையேறியாக இருந்தார். மரத்தோடு உராய்ந்து உராய்ந்து அவர் மார்பு காய்த்துப்போயிருக்கும். சிறுவனான நான் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்வேன், அவர் சிரிப்பார். காலில் தளைநாரை மாட்டி விடியுமுன் ஏறுவார், மாலையில் மறுபடி ஏறுவார். பாளையின் நுனியை அன்றாடம் மெல்லிசாகச் சீவ வேண்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவ வேண்டும், தவறினால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். காய்ச்சல் வந்தாலும் மரம் விடுப்புத் தராது. கீழே விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசையில், பெரியம்மா பதநீரைக் காய்ச்சிக்கொண்டிருப்பார். கொதிக்கும் பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, அது உருண்டு திரண்ட பிறகே சிரட்டைகளில் ஊற்றுவார். கருப்பட்டியின் விலையைப் பற்றி முகம் சுளிப்பவர்கள் அந்த அடுப்பருகே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

2021-22 வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் 76 லட்சம் விதைகள் வழங்கப்படும் என்றும் அறிவித்தார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் ‘தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்’ என்பார்கள். அன்று ஊன்றிய விதை பாளை விட ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் ஆகும். அப்போது அதில் ஏறப்போவது யார்? பெரியப்பாவின் மகன்கள் இருவரும் திருப்பூரில் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பனையேறியின் மகனுக்குப் பெண் கொடுக்கத் தயங்கிய ஊர் அது. மரத்துக்குப் பட்டம் கொடுத்தோம், ஏறியவனை எட்டவே நிறுத்தினோம்.

ஏறாத பனையைத் தொலைவிலிருந்தே கண்டுகொள்ளலாம். கழிக்க ஆளின்றி, காவோலைகள் கழுத்தைச் சுற்றிப் பாவாடைபோலத் தொங்கும். அடுத்த முறை நீங்கள் தூத்துக்குடிப் பேருந்தில் போகும்போது ஜன்னலோர இருக்கையை மகளுக்குக் கொடுங்கள். அப்படிப்பட்டவை எத்தனை என்று அவளே எண்ணட்டும்.