தண்ணீரில் ஆர்.என்.ஏ. எப்படி உண்டானது? வகுப்பில் என்ன சொல்வது?

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். உயிரின் தோற்றம் என்றால் மில்லர் சோதனையோடு (எளிய வாயுக்களில் மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களை உண்டாக்கிய சோதனை) பாடம் முடிந்துவிடுகிறது. "டி.என்.ஏ.வைப் படியெடுக்கப் புரதம் வேண்டும், புரதம் செய்ய டி.என்.ஏ. வேண்டும். அப்படியென்றால் முதலில் வந்தது எது?" என்று ஒரு மாணவி கேட்டாள். ஆர்.என்.ஏ. என்றேன். சர்க்கரை, பாஸ்பேட், காரம் (மரபு எழுத்தாக இருக்கும் நைட்ரஜன் சேர்மம்) மூன்றும் சேர்ந்து அது உருவாகியிருக்கும் என்றும் சொன்னேன். "தண்ணீருக்குள் அவை எப்படி டீச்சர் சேரும்?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வகுப்பில் என்ன சொல்லட்டும்?

பதில்: முதல் கேள்விக்கு நீங்கள் சொன்ன பதில் சரிதான். கூடவே ஆதாரத்தையும் சொல்லிவிடுங்கள். ஆர்.என்.ஏ. தகவலைச் சுமக்கும் என்பது பழைய செய்தி. அது நொதிபோல வேலையும் செய்யும் என்பதை 1980களின் தொடக்கத்தில் தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் இருவரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். 1989இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதைவிட வலுவான சான்று நம் ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது. அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் செய்யும் ரைபோசோமின் அமைப்பு 2000இல் தெளிவானபோது, கோக்கும் இடத்தில் இருந்தது ஆர்.என்.ஏ.தான் என்று தெரிந்தது. புரதத்தைச் செய்வதே ஆர்.என்.ஏ. என்றால், "எது முதலில்" என்ற முடிச்சு பெரும்பாலும் அவிழ்ந்துவிடுகிறது.

இரண்டாவது கேள்விதான் கடினம். இந்தத் துறை ஏறத்தாழ 40 ஆண்டுகள் அந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றது. அதை அந்தப் பெண்ணிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

சிக்கல் இதுதான். சர்க்கரையும் காரமும் இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். சுற்றிலும் தண்ணீராகவே இருந்தால் வினை அந்தப் பக்கம் போகாது. இணைந்தது பிரியத்தான் பார்க்கும். சரி, உலர்த்திப் பார்க்கலாம் என்று செய்தார்கள். அடினின் போன்ற காரங்கள் ஆர்.என்.ஏ.வின் சர்க்கரையான ரைபோஸோடு கொஞ்சம் ஒட்டின. மற்ற இரு காரங்களான சைட்டோசினும் யுராசிலும் அசையவே இல்லை.

ரைபோஸ் கிடைப்பதே பெரும்பாடு. 1861இல் பட்லெரோவ் கண்ட வினையில் ஃபார்மால்டிஹைடு தானாகவே சர்க்கரைகளாக மாறும். ஃபார்மால்டிஹைடு கரைசலில் சுண்ணாம்பு சேர்த்துச் சூடாக்கினால், பால்போல இருந்த கலவை சட்டென்று மஞ்சளாகும், அப்புறம் பழுப்பாகும். சர்க்கரையைக் காய்ச்சும் வாசனை வரும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பழுப்பில் பல வகைச் சர்க்கரைகள் கலந்து கிடக்கும். ரைபோஸ் மிக மிகக் குறைவு. இருக்கும் கொஞ்சமும் நிலைக்காது: 100 டிகிரி செல்சியஸில், நடுநிலைக் கரைசலில், 73 நிமிடத்தில் பாதி அழிந்துவிடும். (ஃபார்மால்டிஹைடு நச்சு. வகுப்பறையில் இதைச் செய்து காட்ட வேண்டாம்.)

2009இல் மான்செஸ்டரில் ஜான் சதர்லாண்ட், மேத்யூ பவுனர், பியாட்ரிஸ் ஜெர்லாண்ட் மூவரும் வேறு வழியில் போனார்கள். சர்க்கரையைத் தனியாக, காரத்தைத் தனியாகச் செய்துவிட்டுப் பிறகு ஏன் ஒட்ட வேண்டும்? இரண்டும் சேர்ந்தே வளரட்டுமே! எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த யோசனை இது. கரும்பலகையில் கார்பன்களை எண்ணியே விளக்கிவிடலாம். சயனமைடில் 1 கார்பன், கிளைகோலால்டிஹைடில் 2. இவை சேர்ந்தால் 2-அமினோஆக்சசோல் என்ற சின்ன வளையம் கிடைக்கும். அதில் ஒரு பாதி வரப்போகும் சர்க்கரையின் துண்டு, மறு பாதி வரப்போகும் காரத்தின் துண்டு. பின்னால் சர்க்கரையையும் காரத்தையும் பிணைக்கப்போகும் கார்பன்-நைட்ரஜன் பிணைப்பு இந்த முதல் படியிலேயே வந்துவிடுகிறது. அடுத்து 3 கார்பன் உள்ள கிளிசரால்டிஹைடு: சர்க்கரைப் பக்கம் 2-உம் 3-உம் சேர்ந்து 5. அதன்பின் 3 கார்பன் உள்ள சயனோஅசிட்டிலீன்: காரத்தின் பக்கம் 1-உம் 3-உம் சேர்ந்து 4. ரைபோஸுக்கு 5, சைட்டோசினுக்கு 4, கணக்கு சரியாக வந்துவிட்டது. கடைசியில் பாஸ்பேட் வந்து சேர, ஆர்.என்.ஏ. சங்கிலியின் ஓர் அலகான நியூக்ளியோடைடு தயார்.

அந்தப் பாஸ்பேட் கடைசிவரை சும்மா இருப்பதில்லை. முதல் படியிலிருந்தே கரைசலில் இருந்து, வினை கண்டபடி சிதறாமல் பார்த்துக்கொள்கிறது. புற ஊதாக் கதிருக்கும் ஒரு வேலை உண்டு: கிடைத்த சைட்டோசின் வடிவத்தில் ஒரு பகுதியை யுராசில் வடிவமாக மாற்றும், தேவையில்லாத பல துணைப் பொருள்களை அழிக்கும். ஓசோன் படலம் இல்லாத அந்தக் காலத்துப் பூமியில் அந்தக் கதிருக்குக் குறைவே இல்லை.

அடினினும் குவானினும் இந்தப் பாதையில் வரவில்லை. மியூனிக்கில் தாமஸ் கரேல் குழுவினர் 2016இல் அவற்றுக்கு ஒரு வழி காட்டினார்கள். 2019இல், நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்கும் ஒரே சூழலில் இந்த இரண்டும், சைட்டோசின்-யுராசில் வகையும் உண்டாக முடியும் என்று காட்டினார்கள். மழையில் நிறைந்து வெயிலில் வற்றும் குட்டையை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வற்றும்போது ஓரத்தில் படியும் உப்பு வளையத்தில் எல்லாமே செறிந்துவிடும், தண்ணீர் விலகியிருக்கும். உங்கள் மாணவி கேட்டதற்கு இது இன்னொரு பதில்.

நியூக்ளியோடைடுகள் சங்கிலியாவதற்குக் களிமண் உதவும். ஜேம்ஸ் ஃபெரிஸ் 1990களில், மாண்ட்மோரில்லோனைட் களிமண் மேல் 40, 50 அலகு நீளச் சங்கிலிகளை வளர்த்தார். ஆனால் அவர் பயன்படுத்தியவை முன்கூட்டியே வினைக்குத் தூண்டப்பட்ட நியூக்ளியோடைடுகள். இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

மறைக்கக் கூடாதவை இன்னும் இரண்டு உண்டு. சதர்லாண்டின் பாதையில் ஒவ்வொரு பொருளையும் சரியான நேரத்தில், தூய்மையாகச் சேர்த்தது ஆராய்ச்சியாளரின் கை. நொதியின் உதவி இல்லாமல் ஆர்.என்.ஏ.வைத் திரும்பத் திரும்பப் படியெடுப்பதும் இன்னும் முழுமையாகக் கைகூடவில்லை. ஜாக் ஷோஸ்டாக் பல ஆண்டுகளாக உழைத்து வருவது அதற்காகத்தான். எளிய பொருள்களில் தொடங்கி, தன்னைத் தானே பெருக்கும் ஆர்.என்.ஏ. வரை ஒரே ஓட்டமாக இதுவரை யாரும் செய்துகாட்டியதில்லை. ஆகவே வகுப்பில் "இப்படி நடந்தது" என்று சொல்லாதீர்கள், "இப்படி நடக்க வேதியியல் இடம் கொடுக்கிறது" என்று சொல்லுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் ஒன்று செய்யுங்கள். ஹைட்ரஜன் சயனைடு என்பது ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன் ஒவ்வொன்றிலும் ஒரே அணு. அதை ஐந்து முறை எழுதி அணுக்களைக் கூட்டச் சொல்லுங்கள். கார்பன் 5, ஹைட்ரஜன் 5, நைட்ரஜன் 5. அது அப்படியே அடினின். ஹுவான் ஓரோ 1960 வாக்கில் சோதனையிலேயே இதைச் செய்துகாட்டினார். கொடிய நச்சிலிருந்து மரபு எழுத்து ஒன்று வருவதை மாணவர்கள் தங்கள் கையாலேயே எண்ணிப் பார்த்துவிடுவார்கள்.

"விண்ணிலிருந்து விழுந்திருக்கலாமே?" என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். பென்னு சிறுகோளிலிருந்து 2023இல் பூமிக்கு வந்த மாதிரியில் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டின் ஐந்து காரங்களும் இருந்ததாக 2025இல் அறிவித்தார்கள். ஆனால் அவை தனிக் காரங்கள். அவற்றைச் சர்க்கரையோடு இணைக்க வேண்டுமென்றால், உங்கள் மாணவி கேட்ட அதே கேள்விக்குத்தான் திரும்பி வர வேண்டும்.