வாசகர் கேள்வி: அந்த வெட்டு பழுதோ?

கேள்வி: பழைய கார் ஒண்டின்ர இக்னிஷன் மொடியூலை (எஞ்சினுக்குப் பொறி குடுக்கிறதைக் கட்டுப்படுத்திற மின்சுற்றுப் பெட்டி) திறந்து பாத்தன். ஜெல்லுக்குக் கீழ வெள்ளைப் பீங்கான் தட்டு, அதில கறுப்புக் கட்டங்கள், கனக்கக் கட்டத்தில ஓரத்தில இருந்து உள்ளுக்கு மெல்லிய வெட்டு. அதாலதான் வேலை செய்யேல்லையோ? அந்தக் கறுப்பு கார்பனோ, நாங்களும் செய்யேலுமோ?
– உயர்தர மாணவன், சுன்னாகம்

பதில்: தம்பி, அது பழுதில்லை, பக்டரியில லேசரால வேணுமெண்டே வெட்டினது. கறுப்புக் கட்டம் ஒவ்வொண்டும் ஒரு ரெசிஸ்ரர், அதாவது மின்தடை, அச்சடிக்கேக்க எல்லாம் ஒரேயளவா வராது, அதால தேவையான பெறுமதியை விட 20, 30 வீதம் குறைவா அடிச்சுப்போட்டு, பிறகு அளந்து அளந்து வெட்டுவினம், கரண்ட் போற பாதை ஒடுங்க ஒடுங்க ரெசிஸ்ரன்ஸ் ஏறும். வெட்டிக் கூட்டத்தான் ஏலும், குறைக்கேலாது.

கார்பன் இல்லை. பெரும்பாலும் ருதேனியம் எண்ட உலோகத்தின்ர ஒக்சைட்டும் கண்ணாடித் தூளும்தான். அதை ஒரு பசையில குழைச்சு, எங்கட கல்யாணக் காட் அடிக்கிற ஸ்கிரீன் பிரின்ற் மாதிரியே அந்த வெள்ளைப் பீங்கான் (அலுமினா) தட்டில அடிச்சு, 150 பாகையில காயவிட்டு, 850 பாகையில ஒரு 10 நிமிஷம் சுடுவினம். பசை எரிஞ்சு போயிடும், கண்ணாடி உருகித் தட்டோட பிடிச்சுக்கொள்ளும், மிஞ்சிற படலம் 10, 15 மைக்ரோன்தான்.

எனக்கு இதில ஆகப் பிடிச்ச இடம் சொல்லுறன். ருதேனியம் ஒக்சைட் உலோகம் மாதிரி, சூடு ஏற ரெசிஸ்ரன்ஸும் ஏறும், ஆனா அந்த ஒக்சைட் துணிக்கைக்கும் துணிக்கைக்கும் இடையில கிடக்கிற மெல்லிய கண்ணாடியைத் தாண்டிப் போற வழியில சூடு ஏற ரெசிஸ்ரன்ஸ் குறையும், ரெண்டும் ஒண்டை ஒண்டு சமப்படுத்திற மாதிரிக் கலவையைப் பிடிக்கிறதுதான் இந்த வேலையின்ர உயிர். நல்ல கலவை எண்டால் 1000 ஓம் ரெசிஸ்ரர் 50 பாகை சூடேறியும் 5 ஓமுக்கு மேல அசையாது. முந்திப் பாவிச்ச பலேடியம் வெள்ளிக் கலவை சுடுற விதம் கொஞ்சம் மாறினாலே பெறுமதி மாறிப் போயிடும்.

வீட்டில செய்யிறது கஷ்டம். சூடு பிரச்சினை இல்லை, யாழ்ப்பாணம் கன்னாதிட்டியில நகை செய்யிறவை பொன் உருக்கிறதே 1064 பாகையில, ஆனா அதே 850ஐ ஆடாமல் பிடிக்கோணும். கண்ணாடியில கூடுதலா ஈயமும் இருக்கும், அரத்தால சுரண்டிப் பாக்காதேங்கோ, தூள் உடம்புக்குக் கூடாது.

உங்கட மொடியூலில வெட்டை விட்டுட்டு, முதல் அந்த மெல்லிய வயருகளும் ஈய ஒட்டுகளும் எங்கையாவது விட்டிருக்கோ எண்டு லென்ஸால பாருங்கோ, சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டு அதுதான் கூட விடுறது.