மண் கேள்வி–பதில்: கறுப்பெல்லாம் ஒரே கறுப்பா?

கனடாவில் சஸ்கச்சுவான் மாகாணத்துப் பண்ணையொன்றில் வேலை செய்யும் மருமகன் ஒரு படம் அனுப்பினார். குழி வெட்டியிருக்கிறார்கள், முழங்கை ஆழம் வரை மண் கரியாகவே இருக்கிறது. உரம் கொட்டித்தான் இப்படி ஆக்கினார்களா?
– வாசகர், அக்கரைப்பற்று

உரம் இல்லை, புல். பனிப்பாறைகள் உருகி விலகிய பிறகு, கலப்பை படும்வரை, அந்த நிலம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புல்வெளியாகவே கிடந்தது. மரம் சருகை மண்ணுக்கு மேலே உதிர்க்கும். புல்லோ ஆண்டுதோறும் தன் வேரில் ஒரு பங்கை மண்ணுக்குள்ளேயே சாகவிடும். புல்வெளிப் புற்களில் பெரியதான பிக் புளூஸ்டெம்மின் வேர் 2 மீற்றரையும் தாண்டி இறங்கும். செத்த வேர் முழுதாக உக்கித் தீர வெப்பமும் ஈரமும் ஒன்றாக வேண்டும். அங்கே குளிர்காலத்தில் மண் உறைந்துபோகிறது, கோடையில் மேல்மண் காய்ந்துவிடுகிறது. நுண்ணங்கிகளுக்கு வேலை நாள் குறைவு. மிஞ்சியது கல்சியத்தோடும் களியோடும் ஒட்டி உக்கலாகத் தங்கிவிட்டது.

ரஷ்ய மொழியில் இதற்குச் செர்னோசெம், அதாவது கறுப்பு மண், என்று பெயர். ரஷ்ய விஞ்ஞானி டொக்குசாயெவ் 1883இல் இதைப் பற்றி எழுதிய நூலோடுதான் மண்ணியல் தனித் துறையாக எழுந்தது என்பார்கள். கனடா வகைப்பாடு செர்னோசெம்மை நான்காகப் பிரிக்கிறது: கபிலம், கடுங்கபிலம், கறுப்பு, கருஞ்சாம்பல். சஸ்கச்சுவானின் வரண்ட தென்மேற்கு மூலையில் புல் குட்டை, மண்ணும் வெறும் கபிலம். வடக்கே ஈரம் கூடக் கூட மண் கறுக்கும். காட்டு ஓரத்துக்கு வந்ததும் மறுபடி வெளிறிச் சாம்பலாகும். உங்கள் மருமகன் இருப்பது அநேகமாக மாகாணத்துப் பண்ணை நிலப்பரப்பின் நடுப்பகுதியிலோ அதற்குச் சற்று வடக்கிலோ இருக்கும்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்தக் கறுப்பும் தேய்கிறது. உழத் தொடங்கியபின் புல்வெளி மண்கள் பலவற்றில் மேல்மண்ணின் காபனில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை போய்விட்டது.

எங்கள் வட்டையிலும் தண்ணீர் கட்டிய வயலை மிதித்தால் கறுப்புச் சேறுதான் வருகிறது. மன்னார்ப் பக்கத்து முருங்கன் மண்ணும் கறுப்பு. இவையும் அதே இனமா?
– வாசகர், சம்மாந்துறை

மூன்றும் மூன்று வேறு கறுப்பு. வயற் சேற்றின் கறுப்பு இரும்புச் சல்பைட்டினால் வருவது. தண்ணீருக்கு அடியில் ஒட்சிசன் தீர்ந்ததும் இரும்பும் கந்தகமும் சேர்ந்து இந்த நிறம் காட்டும். ஒரு கட்டியை எடுத்து இரண்டு நாள் நிழலில் உலர விடுங்கள். சாம்பலாகவோ கபிலமாகவோ மாறிவிடும், வேர் ஓடிய துளைகளில் துருக்கோடு தெரியும். உக்கலின் கறுப்பு காய்ந்தால் சற்று வெளிறுமே தவிர ஓடிப்போகாது.

அதே நேரம் ஒரு வேளாண்மைச் செடியையும் பிடுங்கிப் பாருங்கள். வேரில் செம்மஞ்சள் துரு படிந்திருந்தால் பயமில்லை. வேர் கறுத்து, கூழ்முட்டை நாற்றம் அடித்தால் ஐதரசன் சல்பைட் வேரைத் தின்கிறது. தண்ணீரை வடித்து, தரையில் மயிரிழை வெடிப்பு விழும்வரை விட்டு, பிறகு கட்டுங்கள்.

முருங்கன் மண் குருமுசோல், உலக வகைப்பாட்டில் வெர்ட்டிசோல். அங்கே நிறத்தைக் கொடுப்பது வீங்கிச் சுருங்கும் களியும் அதோடு இறுகப் பிணைந்த சிறிதளவு உக்கலும். அதில் உக்கல் பார்வைக்குத் தோன்றுவதைவிட மிகக் குறைவு. கோடையில் விழும் பெரிய வெடிப்புகளே அதன் அடையாளம்.

உயர்தர விவசாய விஞ்ஞானம் படிக்கிறேன். அமெரிக்க மண் பெயர்களை எப்படிப் பிரித்து வாசிப்பது?
– மாணவி, கல்முனை

பின்னாலிருந்து வாசியுங்கள். இல்லினோய் மாநிலத்தின் அடையாள மண் 'டிரமர்'. சோளமும் சோயாவும் விளையும் புல்வெளி மண். அதன் முழுப் பெயர்: ஃபைன்-சில்ட்டி, மிக்ஸ்ட், சூப்பரக்டிவ், மெசிக், டிப்பிக் எண்டோஅக்குவோல்ஸ்.

கடைசி 'ஓல்' என்றால் மொலிசோல். அமெரிக்க வகைப்பாட்டின் பன்னிரண்டு மண் வரிசைகளில் ஒன்று, மேலே சொன்ன செர்னோசெம் போன்ற புல்வெளிக் கறுப்பு மண்கள் இதில்தான் அடங்கும். 'மொலிஸ்' இலத்தீனில் மென்மை. இந்த வரிசைக்குள் நுழையக் கறுப்பு மட்டும் போதாது. மேற்படை பொதுவாக 18 முதல் 25 செ.மீ. தடிப்பாவது இருக்க வேண்டும், சேதனக் காபன் 0.6 வீதத்துக்குக் குறையக் கூடாது, மண் அயன்களைப் பிடித்துவைக்கும் இடங்களில் பாதியையாவது கல்சியம் போன்ற மூல அயன்கள் பிடித்திருக்க வேண்டும், காய்ந்தாலும் பாறையாக இறுகக் கூடாது. 'அக்கு' நீர், 'எண்டோ' அந்த நீர் கீழிருந்து ஏறி நிற்பது. 'டிப்பிக்' அந்தக் குழுவின் வழமையான வடிவம். 'மெசிக்' என்றால் 50 செ.மீ. ஆழத்தில் ஆண்டுச் சராசரி வெப்பம் 8 முதல் 15 பாகை. நமது மண்ணுக்கு அந்த இடத்தில் 'ஐசோஹைப்பர்தேமிக்' வரும்: 22 பாகைக்கு மேல், ஆண்டு முழுதும் அதிக ஏற்ற இறக்கமில்லை. 'சூப்பரக்டிவ்' களி போசணையைப் பிடிக்கும் வலுவைக் காட்டும். 'மிக்ஸ்ட்' கனியக் கலவை. 'ஃபைன்-சில்ட்டி' வண்டல் மிகுந்து, களி 18 முதல் 35 வீதம்.

பெயரில் 'அக்கு' வந்ததைக் கவனித்தீர்களா? டிரமர் உண்மையில் ஒரு சதுப்பு மண். நிலத்துக்குள் துளைக்குழாய் புதைத்து நீரை வடித்த பிறகுதான் அது பேர்போன விளைநிலம் ஆனது. நாம் வரம்பு கட்டி நீரை நிறுத்துகிறோம், அவர்கள் குழாய் போட்டு நீரை விரட்டுகிறார்கள்.

என் காணி என்ன மண் என்று நானே கண்டுபிடிக்க முடியுமா? கொஞ்சம் மேடு, கொஞ்சம் பள்ளம், ஒரு பக்கம் வாவிக்கரை.
– வாசகர், கொக்கட்டிச்சோலை

பெருமளவுக்கு முடியும். பெரும்போக மழைக்கு முன், மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று, வாவிப் பக்கம் ஒன்று என மூன்று குழி, ஒவ்வொன்றும் 1 மீற்றர் ஆழம். ஒரு சுவரைக் கத்தியால் சுரண்டி, நிறமோ தன்மையோ மாறும் இடமெல்லாம் கோடு கீறுங்கள். பலர் விடும் பிழை மேல் ஒரு சாண் மண்ணை மட்டும் பார்ப்பது. மண்ணின் பெயரைக் கீழே உள்ள படைகளும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

ஒவ்வொரு படையிலும் ஒரு பிடி எடுத்து, நனைத்துப் பிசைந்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே நாடாவாகத் தள்ளுங்கள். நாடா உருவாகாவிட்டால் மணல். 2.5 செ.மீ.க்குள் அறுந்தால் மணலும் வண்டலும் களியும் கலந்த இருவாட்டி, 5 செ.மீ. வரை வந்தால் களியிருவாட்டி, அதையும் தாண்டினால் களி.

மேட்டில் மேலே மணற்பாங்கான சாம்பற்கபிலமும் கீழே களி கூடிய படையும் வந்தால் அது கல்சியமற்ற கபில மண். 1961இல் மூர்மனும் பானபொக்கேயும் வகுத்த இலங்கை மண் தொகுதிகளில் கிழக்குக்கே உரியது போன்றது இது. ஈரத்தைப் பிடிக்காது, போசணை குறைவு. யூரியாவை ஒரே தரத்தில் போட்டால் மழை கொண்டுபோய்விடும், பிரித்துப் போடுங்கள். பள்ளத்தில் சாம்பல் மண்ணில் துருப்புள்ளிகள் தெரிந்தால் தாழ் உக்கல் கிளே மண் (கிளே என்றால் நீர் தேங்கிச் சாம்பலான மண்), நெல்லுக்கென்றே அமைந்தது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரைப் பக்கம் தோண்டினால் அடிவரை மணல்தான் வரும், அது ரெகோசோல்.

வாவிப் பக்கக் குழிதான் கவனம். பட்டாணி அளவு காய்ந்த மண்கட்டி ஒன்றை ஒரு கிளாஸ் மழைத்தண்ணீரில் மெதுவாகப் போட்டு, அசைக்காமல் விடுங்கள். சில மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் கரைந்ததுபோல் மேகம் படர்ந்தால் சோடியம் மிகுந்த மண். கட்டி வெறுமனே உதிர்ந்து தண்ணீர் தெளிவாக நின்றால் அந்தச் சிக்கல் இல்லை. கிணற்றுத் தண்ணீரில் செய்தால் அதிலுள்ள உப்பே மேகத்தை அடக்கி ஏமாற்றிவிடும். சோடியம் இருந்தால் ஜிப்சம் வேண்டும், வடிகாலும் வேண்டும். வடிகாலில்லாமல் ஜிப்சம் போடுவது காசைக் கரைப்பது. எவ்வளவு ஜிப்சம் என்பதைப் பரிசோதனை அறிக்கை பார்த்தே முடிவுசெய்ய முடியும், கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைப் பிடியுங்கள்.

வைக்கோலும் உமிக்கரியும் போட்டு என் வயலைக் கனடா மண் போல ஆக்கலாமா?
– வாசகர், நிந்தவூர்

கணக்கைப் பாருங்கள். ஓர் ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண்ணின் எடை ஏறத்தாழ 900 தொன். சேதனப் பொருளை 1 வீதம் உயர்த்த 9 தொன் உக்கல் நிலைத்து நிற்க வேண்டும். நமது சூட்டில் போட்ட வைக்கோலில் ஐந்திலொரு பங்கு மிஞ்சினாலே பெரிது. ஆக 45 தொன் வைக்கோல். ஒரு போகத்தில் ஏக்கருக்குக் கிடைப்பது 2 தொன் அளவு. உமிக்கரி நெடுநாள் தங்கும், மணல் நிலத்துக்கு நல்லது, நிறத்தையும் மாற்றும், மொலிசோல் ஆக்காது.

அதற்காக வைக்கோலைக் கொளுத்திவிடாதீர்கள். அந்த 2 தொன்னில் 30 கிலோ அளவு பொட்டாசியம் இருக்கிறது. வெட்டும் மெசின் விட்டுப்போகும் வரிசையை வயல் முழுதும் பரத்தி, விதைப்புக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே தண்ணீர் விட்டு உழுது புதையுங்கள். பிந்தினால் உக்கும் வைக்கோலே நைதரசனைப் பிடித்துக்கொள்ளும், நாற்று மஞ்சளிக்கும்.