செக் என்ஜின் விளக்கு எரிகிறது: சென்சாரை வாங்கிவிடலாமா?

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு வயது 18. இரண்டு வாரமாக மஞ்சள் நிற செக் என்ஜின் விளக்கு அணையவே இல்லை. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. சிக்னலில் நிற்கும்போது மட்டும் லேசாக நடுங்குகிறது. சின்ன ஸ்கேனர் ஒன்று வாங்கி மாட்டிப் பார்த்தேன். பி0171 என்று காட்டியது. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். நானே வாங்கி மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். பி0171 என்பதற்கு, என்ஜினுக்குள் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே அந்த ஆக்சிஜன் சென்சார்தான். அதைக் கழற்றிப் புதிது போட்டாலும், காற்று அதிகமாகப் புகுந்துகொண்டிருந்தால் நான்கு நாளில் விளக்கு திரும்ப எரியும். ஸ்கேனர் காட்டும் கோட் எண்ணைப் பார்த்ததும் ஒரு பாகத்தை மாற்றச் சொல்லும் பழக்கத்தால் எத்தனை நல்ல சென்சார்கள் குப்பைக்குப் போகின்றன என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் கோட் எண்ணைவிட முக்கியமான துப்பு, நிற்கும்போது வரும் நடுக்கம். ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்றபடி என்ஜின் மட்டும் ஓடும்போது, காற்றை உள்ளே விடும் கதவான த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். அதைத் தாண்டி என்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் பகுதியில் உறிஞ்சும் விசை அதிகம். அப்போது ஒரு ரப்பர் குழாயில் சின்ன வெடிப்பு இருந்தாலும், உள்ளே போகும் மொத்தக் காற்றில் கணிசமான பங்கு அதன் வழியே போய்விடும். வேகம் எடுத்தபின் த்ராட்டில் வழியே வரும் காற்று பெருகுவதால், திருட்டுத்தனமாக நுழையும் காற்று பொருட்டாகத் தெரியாது.

இதை உங்கள் ஸ்கேனரிலேயே சோதிக்கலாம். என்ஜின் ஓடும்போதே அளவுகளை (லைவ் டேட்டா) காட்டும் ரகமாக இருந்தால் அதில் ஃப்யூயல் ட்ரிம் என்று குறுகிய கால, நீண்ட கால எண்கள் இரண்டு இருக்கும். காரின் கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதன் கணக்கு அது. இரண்டையும் கூட்டினால் பொதுவாக 10 சதவீதத்துக்குள், கூடுதலோ குறைவோ, இருக்க வேண்டும். என்ஜின் சூடானபின் ஐட்லிங்கில் ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கியர் போடாமல், நிமிடத்துக்கு 2500 சுற்று வரை ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்து மறுபடி குறியுங்கள். ஐட்லிங்கில் 20ஐத் தாண்டிய எண் இப்போது நன்றாக இறங்கினால், எங்கோ காற்று கசிகிறது. மாறாக, ஐட்லிங்கில் ஒழுங்காக இருந்து, ஏற்றத்தில் இழுக்கும்போது எண் ஏறினால், பெட்ரோல் ஃபில்டர், பம்ப் அல்லது காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் மீது சந்தேகப்படலாம். ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிகளுக்குத்தான் இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும்.

கசிவு என்று பட்டால், என்ஜின் ஆறியபின் ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பாருங்கள். 18 வருடத்தில் ரப்பர் கெட்டிப்பட்டு, வளைவுகளிலும் கிளாம்ப் மாட்டும் நுனிகளிலும் வெடித்திருக்கும். ஏர் ஃபில்டரிலிருந்து த்ராட்டிலுக்குப் போகும் மடிப்பு வைத்த பெரிய குழாயின் மடிப்புகளை விரித்துப் பார்க்க மறக்காதீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் அந்த வெடிப்பு தெரியாது. என்ஜின் ஓடும்போது ‘உஸ்ஸ்’ என்ற சத்தம் கேட்கிறதா என்றும் கவனிக்கலாம், ஆனால் ஃபேன், பெல்ட் பக்கம் கையோ துணியோ போகக் கூடாது. சூடான என்ஜின்மேல் தீப்பற்றும் கிளீனரை அடித்துக் கசிவு தேடும் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கண்ணுக்கு அகப்படவில்லை என்றால் ஒர்க்‌ஷாப்பில் புகை விட்டுக் கசிவு பார்க்கும் சோதனையைக் கேளுங்கள். அதற்குக் காசு கொடுப்பது வீண் செலவு அல்ல.

கேள்வி: என் காரில் விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது. கோட் பி0302. வீடு வரை ஓட்டலாமா?

பதில்: ஓட்ட வேண்டாம். பி0302 என்றால் இரண்டாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து, அதை உருக்கிவிடும். பொதுவாக அதுதான் விலை உயர்ந்த பாகம். வண்டியை இழுத்து வந்தபின், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் சிலிண்டருக்கு ஒன்று உள்ள வண்டி என்றால், என்ஜினை அணைத்துவிட்டு இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதன் காயிலோடு இடம் மாற்றுங்கள். ஸ்கேனரில் கோட் எண்ணை அழித்து, நின்ற இடத்திலேயே சிறிது நேரம் ஓடவிடுங்கள். கோட் பி0303 ஆக மாறினால் காயில்தான் கெட்டது, ஒன்று மட்டும் வாங்கினால் போதும். மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக்கையும் இப்படியே இடம் மாற்றிப் பாருங்கள். அதன் பிறகுதான் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்.

கேள்வி: ஸ்கேனர் வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: கோட் எண்ணை மட்டும் படித்து அழிக்கும் ரகம் வேண்டாம். லைவ் டேட்டாவும் ஃப்ரீஸ் ஃப்ரேமும் காட்ட வேண்டும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பது விளக்கு எரிந்த கணத்தில் வேகம், வெப்பம், சுமை எவ்வளவு என்ற பதிவு. கோட் எண்ணை அழித்தால் அதுவும் அழிந்துவிடும். ஆகவே முதலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்குமுன் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனை சாக்கெட் இருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும், கோளாறைத் தானே கண்டறிந்து சொல்லும் ஓபிடி அமைப்பு கட்டாயம். அதற்கு முந்தைய வண்டிகளில் சாதாரண ஸ்கேனர் பேசாமலே போகலாம்.