வெல்வெட் சோஃபா வெளுத்துவிட்டதா?

கேள்வி: கரும்பச்சை வெல்வெட் சோஃபா வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. உட்காரும் இடமெல்லாம் திட்டுத் திட்டாக வெளுத்துத் தெரிகிறது. கடையில் கேட்டால் "வெல்வெட்னா அப்படித்தான்" என்கிறார்கள். தட்டிக் கழிக்கிறார்களா?
– வாசகி, திருச்சி

பதில்: அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. வெல்வெட்டின் மேற்புறம் முழுக்க நறுக்கிவிட்ட குட்டை இழைகள். நேராக நிற்கும்போது நிறம் அடர்த்தியாகத் தெரியும். சாய்ந்துவிட்டால் வெளிச்சம் பட்டு வெளிறித் தெரியும். உட்கார உட்கார இழை சாயத்தான் செய்யும்.

உள்ளங்கையால் ஒரு பக்கமாகவும், பிறகு எதிர்ப்பக்கமாகவும் தடவிப் பாருங்கள். திட்டு மறைந்தாலோ இடம் மாறினாலோ அது துணியின் சுபாவம். எப்படித் தடவினாலும் அதே இடத்தில் அசையாமல் நின்றால் சாயக் கோளாறு, அல்லது ஜன்னல் வெயில்.

கடைக்காரர் தானாகச் சொல்லாத ஒன்று உண்டு. பக்கத்துப் பக்கத்து மெத்தைகளை ஒரே திசையில் தடவுங்கள். ஒன்று வழுக்கிக்கொண்டு போய், மற்றது சொரசொரவென்று எதிர்த்தால், துணியைத் தலைகீழாக வெட்டித் தைத்திருக்கிறார்கள். இது துணியின் இயல்பே இல்லை, வேலைக் குறை. பில்லோடு போய் மாற்றித் தரச் சொல்லுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

பராமரிப்பு சுலபம்தான். வாரம் ஒரு முறை மெத்தென்ற பிரஷ்ஷால் ஒரே திசையில் வாரிவிடுங்கள். அமுங்கிய இடத்துக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்து ஆவி காட்டலாம். இஸ்திரிப் பெட்டியை மேலே வைக்கவே கூடாது. காபி கொட்டினால் தேய்க்காமல் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். லேபிளில் 'எஸ்' என்று மட்டும் இருந்தால் தண்ணீரும் ஆவியும் வேண்டாம், டிரை கிளீனிங்தான். விஸ்கோஸ் (ரேயான்) வெல்வெட்டில் வெறும் தண்ணீரே கறையாக நிற்கும்.

கேள்வி: லெதர் சோஃபா என்றுதான் வாங்கினோம். மூன்றே வருடத்தில் செதில் செதிலாக உரிகிறது. எண்ணெய் தடவினால் நிற்குமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: நிற்காது. உரிவது தோல் அல்ல, துணிமேல் பூசிய பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். கடலோர ஈரக்காற்றில் அந்தப் பூச்சு மெல்ல மெல்லச் சிதையும். உரிய ஆரம்பித்தால் மறுபடி ஒட்டவைக்க வழியில்லை. சோஃபாவின் சட்டகம் (ஃபிரேம்) நன்றாக இருந்தால் உறையை மட்டும் மாற்றுங்கள். பில்லில் 'லெதர்' என்றே எழுதியிருந்தால் கதை வேறு, புகார் கொடுக்கலாம். அடுத்த முறை சாம்பிள் துண்டின் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: அடியில் துணி தெரிந்தால் லெதர் விலை கொடுக்காதீர்கள்.