பல கோடி ஒளியாண்டு தள்ளியிருக்கும் வாயுவில் இரும்பு இவ்வளவு என்று எப்படிச் சொல்கிறார்கள்?

"கேலக்ஸிக் கொத்துகளில் (ஈர்ப்பால் ஒன்றாகக் கட்டுண்ட கேலக்ஸிக் கூட்டங்களில்) சூரியனில் இருப்பதைப் போல மூன்றில் ஒரு பங்கு இரும்பு இருக்கிறது என்கிறார்களே, இது ஊகம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஊகம் இல்லை. முதுகலைத் திட்டப்பணிக்காக இந்த எக்ஸ்-கதிர் நிறமாலைகளோடு (எந்த ஆற்றலில் எவ்வளவு கதிர் வருகிறது என்ற வரைபடங்களோடு) மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், வானியலில் இவ்வளவு நேரடியான அளவீடு அதிகம் கிடையாது.

கொத்தில் உள்ள சாதாரணப் பொருளில் பெரும்பகுதி நட்சத்திரங்களில் இல்லை. கேலக்ஸிகளுக்கு நடுவே பரவிக் கிடக்கும், பல கோடி டிகிரி சூடான வாயுவில்தான் இருக்கிறது. அந்தச் சூட்டில் ஹைட்ரஜனும் ஹீலியமும் எலெக்ட்ரான்களை மொத்தமாக இழந்துவிடும். தனியாகத் திரியும் எலெக்ட்ரான்கள் அணுக்கருக்களின் அருகே வளையும்போது எல்லா ஆற்றலிலும் தொடர்ச்சியாக எக்ஸ்-கதிர் வரும். 26 எலெக்ட்ரான் கொண்ட இரும்போ கடைசி ஒன்றிரண்டை விடாமல் பிடித்து வைத்திருக்கும். இரண்டு மிஞ்சிய இரும்பு, நிறமாலையில் 6.7 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் (எக்ஸ்-கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) இருக்கும் இடத்தில் பளிச்சென்று ஒரு கோடு போடும்.

தொடர்ச்சியான ஒளியின் உயரம் ஹைட்ரஜன் எவ்வளவு என்று சொல்கிறது. கோட்டின் வலிமை இரும்பைச் சொல்கிறது. இரண்டுமே அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தவை என்பதால், ஒன்றை மற்றதால் வகுத்தால் தூரம், அடர்த்தி, மொத்த நிறை எல்லாம் அடிபட்டுப் போகும். இரும்பின் விகிதத்தோடு மிஞ்சுவது வெப்பநிலை ஒன்றுதான். அதையும் அதே நிறமாலையின் வடிவமே கொடுத்துவிடும். வாயுவோ படு மெல்லியது. கிளம்பிய கதிரில் பெரும்பாலானது வழியில் எங்கும் மாட்டாமல் வெளியே வந்துவிடும்.

சுமார் 24 கோடி ஒளியாண்டு தள்ளியிருக்கும் பெர்சியஸ் கொத்தில் இந்தக் கோட்டை 1976-லேயே ஏரியல் 5 செயற்கைக்கோள் பார்த்துவிட்டது. பிறகு ஜப்பானின் சுசாகு செயற்கைக்கோள் அதே கொத்தின் ஓரம்வரை அளந்தபோது, வெளிப்பகுதி முழுக்க இரும்பின் விகிதம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. கொத்து உருவாகும் முன்பே, 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், சூப்பர்நோவாக்கள் (வெடிக்கும் நட்சத்திரங்கள்) கக்கியது எங்கும் கலந்துவிட்டது என்று அர்த்தம்.

சரி, சிக்கல் எங்கே? "சூரியனில் மூன்றில் ஒரு பங்கு" என்றால் எந்தச் சூரியன்? நிறமாலைகளை அலசும் எக்ஸ்ஸ்பெக் மென்பொருளில் நீங்களாக மாற்றாவிட்டால், சூரியனில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று சொல்லும் 1989-ஆம் ஆண்டின் அட்டவணைதான் ஓடும். புதிய அட்டவணைகளில் சூரியனின் இரும்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. அதே தரவு, அதே கோடு, ஆனால் 0.3 என்பது 0.45 ஆகிவிடும்! இரண்டு கட்டுரைகளின் எண்களை ஒப்பிடும் முன் அட்டவணையைப் பாருங்கள். அப்புறம், பல வெப்பநிலைகள் கலந்த மையப்பகுதிக்கு ஒரே வெப்பநிலை என்று வைத்துப் பொருத்தினால் இரும்பு குறைவாக வரும். இதுவும் பழைய தொல்லைதான்.

நிக்கல் கதை இன்னும் சுவாரசியம். அதன் 7.8 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கோடும் இரும்பின் 7.9 கோடும் பழைய சிசிடி கருவிகளில் (கேமராவில் இருப்பது போன்ற சில்லுகளில்) ஒட்டிக்கொண்டு தெரியும். அதனால் நிக்கல் வழக்கத்துக்கு மேல் இருப்பதாக எண்கள் வந்தன. 2016-இல் ஜப்பானின் ஹிட்டோமி செயற்கைக்கோள், தனிச்சுழிக்கு (இருக்கக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலைக்கு) 0.05 டிகிரி மேலே குளிர்வித்த உணரியால் இரண்டையும் பிரித்துக் காட்டியது. இரும்போடு ஒப்பிட்டால் நிக்கல், குரோமியம், மாங்கனீசு எல்லாம் சூரியனில் உள்ள விகிதமேதான்! இவற்றைப் பெரும்பாலும் கொடுத்தவை சூப்பர்நோவாக்களாக வெடித்த வெண்குள்ளன்கள் (எரிந்து முடிந்த நட்சத்திரங்களின் அடர்ந்த மிச்சங்கள்). அவற்றில் சில, வெண்குள்ளன் தாங்கக்கூடிய அதிகபட்ச நிறை என்று நம் சந்திரசேகர் (சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர்) கணக்கிட்ட எல்லையை ஒட்டியும், சில அதற்குக் கீழேயும் வெடித்திருந்தால்தான் இது பொருந்தும். பாவம், ஏவிய ஒன்றரை மாதத்துக்குள் ஹிட்டோமி கைவிட்டுப் போனது.

அதன் வாரிசான எக்ஸ்ரிஸம் 2023-இல் போனது. ஆனால் உணரிக்கு முன்னால் இருக்கும் மூடி திறக்கவில்லை. மூடியில் உள்ள பெரிலியம் சன்னல் குறைந்த ஆற்றல் கதிர்களை மட்டும் தடுக்கும் என்பதால், அதன் வழியே இரும்பு, சிலிக்கான், கந்தகம் தெரிகின்றன. பெரிய நட்சத்திரங்களின் பங்கைச் சொல்லும் ஆக்சிஜன் கோடு 0.65 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் இருப்பதால் அடைபட்டுவிட்டது. அதற்கு இன்னமும் 1999-இல் ஏவிய எக்ஸ்எம்எம்-நியூட்டன் செயற்கைக்கோளைத்தான் நாட வேண்டியிருக்கிறது.