திரையில் டியூபா வாசிப்பவர்கள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பதின்மூன்று வயதில் சிங்கப்பூர்ப் பள்ளி ஒன்றின் பேண்டில் என் மடியில் டியூபாவை வைத்தார்கள். அன்று முதல் எந்தப் படத்தில் பித்தளை பளபளத்தாலும் கதையை விட்டுவிட்டு அந்த வாத்தியக்காரரைத்தான் பார்க்கிறேன். சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் டியூபா வாசிப்பவர்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்பது பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில இங்கே.

கேள்வி: முதலில் டியூபா என்றால் எது? ஊர்வல பேண்டில் ஒருவர் பெரிய குழலைத் தூக்கிக்கொண்டு வருவாரே, அதுதானா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பித்தளை ஊதுகருவிகளில் அடிக்குரல் டியூபாவுடையது. 1835இல் பெர்லினில் வீப்ரெக்ட், மோரிட்ஸ் என்ற இருவர் காப்புரிமை வாங்கினார்கள். இப்போது பலரும் வாசிக்கும் பி-ஃபிளாட் டியூபாவின் குழாயை நிமிர்த்தி நீட்டினால் ஏறக்குறைய 18 அடி வரும். மடியில் உட்கார்ந்து வாய் மேலே பார்த்தால் டியூபா. அதே உருவம் சின்னதாக, கையில் அணைத்துக்கொள்ளும் அளவில் இருந்தால் பெரும்பாலும் யூஃபோனியம். குழாய் வாசிப்பவரின் உடம்பைச் சுற்றி வளைந்து, வாய் தலைக்கு மேல் முன்பக்கம் விரிந்திருந்தால் சூசஃபோன். நடந்துகொண்டே வாசிப்பதற்காகச் செய்த டியூபா அது. அமெரிக்கப் படங்களின் அணிவகுப்புக் காட்சிகளில் நீங்கள் பார்ப்பது அநேகமாக இந்தச் சூசஃபோன்தான்.

கேள்வி: ஏன் அண்ணா எப்போதும் குண்டானவர் கையிலேயே டியூபாவைக் கொடுக்கிறார்கள்?

என்னை அதிகம் வருத்தும் விஷயம் இது. 'ஃபேமிலி கை' கார்ட்டூன் தொடரில் ஒரு துணுக்கு வரும். குழந்தை ஸ்டூயி, தெருவில் நடந்து போகும் பருமனான ஒருவருக்குப் பின்னாலேயே டியூபா ஊதிக்கொண்டு போவான். அவர் ஓர் அடி வைத்தால் இவன் ஒரு 'பூம்'. அந்த ஒலிக்கும் கனத்த நடைக்கும் திரை போட்டுவைத்த முடிச்சு மிகப் பழையது. அதனால்தான் சிரிப்பு உடனே வருகிறது.

ஆனால் உடல் பருமனுக்கும் டியூபாவுக்கும் சம்பந்தமே இல்லை. நுரையீரலின் கொள்ளளவு உயரத்தையும் வயதையும் பொறுத்தது. கொழுப்பு அதற்கு உதவாது. டியூபாவுக்குக் காற்று நிறைய வேண்டும், அழுத்தம் அவ்வளவு வேண்டாம். பெருமூச்சு விடுவது போல வாயைத் திறந்து தாராளமாகக் காற்றை அனுப்பத் தெரிந்தால் போதும். எங்கள் பேண்டில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணை டியூபாவுக்குப் பின்னால் தேடித்தான் பார்க்க வேண்டும், அவ்வளவு ஒல்லி. எங்கள் எல்லோரையும்விட அடிச்சுரம் அவளுக்குத்தான் அழகாக இறங்கும். இந்த நகைச்சுவையைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள், டியூபாவை நீட்டினாலே 'நான் என்ன அவ்வளவு குண்டா?' என்று கேட்டுப் பின்வாங்குகிறார்கள். நல்ல வாசிப்பாளர்கள் ஆகியிருக்க வேண்டிய பிள்ளைகள் அவர்கள்.

கேள்வி: டியூபா வாசிப்பவரே கதாநாயகனாக வந்த படம் உண்டா?

உண்டு, அதுவும் 1936லேயே. ஃபிராங்க் காப்ரா இயக்கிய 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்'. கேரி கூப்பர், மாண்ட்ரேக் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் வாழ்த்து அட்டைகளுக்குக் கவிதை எழுதும் லாங்ஃபெல்லோ டீட்ஸாக வருகிறார். யாரென்றே அதிகம் தெரியாத மாமா ஒருவர் இறந்து, 2 கோடி டாலர் சொத்து இவருக்கு வருகிறது. செய்தி சொல்ல நியூயார்க்கிலிருந்து வக்கீல் வந்து நிற்கிறார். டீட்ஸுக்கு யோசிக்க வேண்டும். யோசிக்க வேண்டுமென்றால் அவருக்கு டியூபா வேண்டும். எடுத்து ஊத ஆரம்பித்துவிடுகிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது ரயில் நிலையக் காட்சி. ஊரே திரண்டு வழியனுப்ப வந்திருக்கிறது, பேண்டு முழங்குகிறது, வழியனுப்பப்பட வேண்டிய ஆளை மட்டும் காணோம். வக்கீல் தேடு தேடென்று தேடுகிறார். பார்த்தால் டீட்ஸ் அந்தப் பேண்டுக்குள்ளேயே உட்கார்ந்து டியூபா வாசித்துக்கொண்டிருக்கிறார்! எங்கள் ஆட்களை இதைவிடச் சரியாக யாராவது காட்ட முடியுமா? டியூபா வாசிப்பவர் எழுந்து போய்விட்டால் பாட்டின் அடித்தளம் போய்விடும். தனக்கே விழா என்றாலும் அவர் இடம் அங்கேதான்.

அப்புறம் நீதிமன்றம். வந்த பணத்தை ஏழை விவசாயிகளுக்குக் கொடுக்கப் போகிறார் என்றதும் அவரைப் பைத்தியம் என்று நிரூபிக்க வழக்கு நடக்கிறது. நேரங்கெட்ட நேரத்தில் டியூபா வாசிப்பதும் ஒரு சாட்சியாக எழுகிறது. டீட்ஸ் வெகுநேரம் வாயே திறப்பதில்லை. கடைசியில் பேசும்போது, யோசிக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது என்று காட்டுகிறார். நீதிபதி எழுத்துகளில் உள்ள வட்டங்களைப் பென்சிலால் நிரப்புகிறார், சாட்சி சொல்ல வந்த மருத்துவர் காகிதத்தில் கிறுக்குகிறார், ஒருவர் மூக்கைச் சுளிக்கிறார், இன்னொருவர் விரலில் சொடுக்கு எடுக்கிறார். என்னுடையது டியூபா என்கிறார். அன்றைய பார்வையாளர்கள் டியூபாவைப் பார்த்துச் சிரிக்கத்தான் வந்திருப்பார்கள். காப்ரா அந்தச் சிரிப்பை மெல்ல மெல்ல மரியாதையாக மாற்றுகிறார். சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் அவருக்கு இந்தப் படத்துக்குக் கிடைத்தது.

கேள்வி: 'ஜாஸ்' படத்தில் வரும் சுறா இசை டியூபாவா, செல்லோவா? வீட்டில் சண்டையே நடக்கிறது.

இரண்டு பேரும் சமாதானமாகிவிடுங்கள். இரண்டு சுரங்கள் மாறி மாறித் துடிக்கும் அந்த அடிநாதம் செல்லோ போன்ற கனத்த தந்தி வாத்தியங்களிலிருந்து வருகிறது. அதன்மேல் எழுந்து நம்மைக் கவ்வும் மெட்டு டியூபா. 1975இல் அதை வாசித்தவர் டாமி ஜான்சன். அவர் கண்ணுக்கு அந்த வரி டியூபாவுக்கு மிக உயரமாகப் பட்டது. ஃபிரெஞ்சு ஹார்னுக்கு இது இன்னும் பொருத்தமாக இருக்குமே என்று இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸிடம் கேட்டார். இன்னும் கொஞ்சம் மிரட்டலாக ஒலிக்க வேண்டும் என்றார் வில்லியம்ஸ். அவர் சொன்னது சரிதான். கனத்த குரல் தன் எல்லைக்கு மேலே ஏறிப் பாடும்போது அதில் ஓர் இறுக்கம் வருகிறது, அந்த இறுக்கம்தான் நம் முதுகில் ஏறுகிறது.

கேள்வி: டியூபாவே ஒரு கதாபாத்திரமாகப் பேசியிருக்கிறதா?

1977இல் வந்த 'குளோஸ் என்கவுன்டர்ஸ் ஆஃப் த தேர்ட் கைண்ட்' படத்தின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். வேற்றுக்கிரகத் தாய்க்கப்பல் வந்து நிற்கிறது. மனிதர்கள் ஐந்து சுரம் வாசித்துக் காத்திருக்கிறார்கள். பதிலாக ஓர் ஒலி வருகிறது பாருங்கள், கண்ணாடி நொறுங்கிச் சிதறுகிறது. அந்தக் கப்பலின் குரல் ஜிம் செல்ஃப் வாசித்த டியூபா. இசை இங்கேயும் ஜான் வில்லியம்ஸ்தான். போகப்போக அந்தக் குரல் துள்ளுகிறது, விளையாடுகிறது, வேகமாகச் சுரங்களை உதிர்க்கிறது. வாசிப்பவர் முகம் திரையில் வரவே இல்லை. ஆனாலும் டியூபா வாசிக்கும் ஒருவருக்குத் திரையில் கிடைத்த மிகப் பெரிய வேடம் இதுதான் என்பேன்.

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. பள்ளி பேண்டில் புல்லாங்குழல் கேட்டாள், டியூபா கொடுத்துவிட்டார்கள். தினமும் அழுகை. அவளுக்கு எதைப் போட்டுக் காட்டலாம்?

அக்கா, அவளோடு நீங்களும் உட்கார்ந்து பாருங்கள். ஜப்பானின் கியோட்டோ அனிமேஷன் நிறுவனம் 2015இல் தொடங்கிய 'ஹிபிகே! யூஃபோனியம்' என்ற தொடர். ஊஜி நகரத்தில் ஓர் உயர்நிலைப்பள்ளி பேண்டின் கதை. அதில் கத்தோ ஹசுக்கி என்ற பெண் வருகிறாள். முன்பு டென்னிஸ் ஆடியவள், பேண்டுக்குப் புதியவள், டியூபா அவள் கைக்கு வருகிறது. அதற்கு 'டியூபாகாப்ரா' என்று செல்லப்பெயர்கூட வைக்கிறாள். ஆனால் கொஞ்ச நாளில் சலிப்பு தட்டுகிறது. தனியாக உட்கார்ந்து 'பூ... பூ...' என்று ஒரே சுரத்தை ஊதிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் சலிக்காது?

ஆறாவது அத்தியாயத்தைக் கட்டாயம் காட்டுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் அவளுக்கு டியூபாவைப் பிடிக்க வைக்க என்னென்னவோ செய்து பார்க்கிறார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் யூஃபோனியம் வாசிக்கும் தோழியும் கான்ட்ரபாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் வாசிக்கும் தோழியும் அவளோடு உட்கார்ந்து, 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டை மூவருமாக வாசிக்கிறார்கள். அதுவரை பாரமாக இருந்த அதே சுரங்களின் மேல் இப்போது ஒரு பாட்டு நிற்கிறது. அவள் முகம் மலர்வதைப் பாருங்கள். எனக்கும் ஒரு மத்தியான ஒத்திகையில் இப்படித்தான் நடந்தது. எதிரே கிளாரினெட் வரிசை உள்ளே வந்ததும் என் நாற்காலியே அதிர்ந்தது.

ஹசுக்கி அந்த வருடம் போட்டிக்கான தேர்வில் தேறுவதில்லை. அதையும் மறைக்காமல் காட்டுங்கள். தேறாதவர்கள் மற்றவர்களுக்கு எப்படித் துணை நிற்கிறார்கள் என்பதும் அந்தக் கதையில் உண்டு. இன்னும் சின்னப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் 'டப்பி த டியூபா'. 1940களில் பால் டிரிப் எழுதி ஜார்ஜ் கிளைன்சிங்கர் இசையமைத்த கதை. ஜார்ஜ் பால் 1947இல் அதைப் பொம்மைப் படமாக எடுத்தார், அது ஆஸ்கருக்குப் பரிந்துரையானது. தனக்கு மட்டும் மெட்டே கிடைப்பதில்லை என்று ஏங்கும் டியூபாவுக்கு ஒரு தவளை பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்.

கேள்வி: நடிகர் நிஜமாக வாசிக்கிறாரா, சும்மா பிடித்திருக்கிறாரா என்று எப்படித் தெரியும்?

மூச்சைப் பாருங்கள். ஒலி வருமுன் வாயின் ஓரங்கள் திறந்து ஒரு பெரிய மூச்சு உள்ளே போக வேண்டும். அது இல்லாமல் நீளமான சுரம் வந்தால் பொய். கன்னம் பந்து போல உப்பினால் பெரும்பாலும் நடிப்பு. உதடுகள் மவுத்பீஸுக்குள், அதாவது ஊதும் முனைக்குள், அதிர வேண்டும், அதற்கு வாயோரம் இறுகியிருக்க வேண்டும். இடைவெளியில் குழாயில் சேர்ந்த நீரைத் தரையில் வடிப்பவரைக் காட்டினால், அந்த இயக்குநர் விஷயம் தெரிந்த ஒருவரைக் கேட்டிருக்கிறார்.

கேள்வி: 'த டியூபா தீவ்ஸ்' என்று ஒரு படம் இருக்கிறதாமே, திருட்டுப் படமா?

2023இல் ஆலிசன் ஓடேனியல் எடுத்தது. 2011 முதல் 2013 வரை லாஸ் ஏஞ்சலிஸ் உயர்நிலைப்பள்ளிகளிலிருந்து டியூபாக்கள் திருட்டுப் போயின. அங்கே பித்தளை ஊதுகருவிகள் முழங்கும் மெக்சிகோவின் பாண்டா இசைக்கு இருந்த வரவேற்பும், அதில் டியூபாவுக்கு இருந்த மவுசும்தான் காரணம் என்று பலர் பேசினார்கள். படம் திருடர்களைத் தேடுவதில்லை. அடிக்குரல் போன பின்பு மிச்சமுள்ள பேண்டு எப்படி ஒலிக்கிறது, கேட்பது என்றால் என்ன என்று கேட்கிறது. ஓடேனியல் செவித்திறன் குறைந்தவர் என்பதால் வசன எழுத்துகளும் இதில் இசையின் பகுதி. பொறுமையாகப் பார்க்க வேண்டிய படம்.

கேள்வி: ஒன்றே ஒன்று பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

அமெரிக்கத் தொலைக்காட்சியான ஹெச்பிஓவின் 'ட்ரமே' தொடரின் முதல் அத்தியாயம், முதல் பத்து நிமிடம். 2005இல் அடித்த கத்ரீனா புயலுக்குச் சில மாதங்கள் கழித்து நியூ ஆர்லியன்ஸ் தெருவில் ஊர்வலம் கிளம்புகிறது. வாசிப்பது அந்த ஊரின் ரீபர்த் பிராஸ் பேண்டு. நடிகர்கள் இல்லை, அவர்களேதான். சூசஃபோனைத் தோளில் மாட்டியிருப்பவர் பேண்டின் நிறுவனர்களில் ஒருவரான பில் ஃபிரேசியர். நல்ல ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். டிராம்போனையும் டிரம்பெட்டையும் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, கீழே போகும் அந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டே போங்கள். தெருவில் ஆடும் கால்கள் எதைக் கேட்டு விழுகின்றன என்று தெரியும்.